அம்மா பெயரில் ஒரு துரைசாணி

போன வருடம் நான் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்கினேன். சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கொசு மட்டையைத் தவிர வேறெந்த ஆயுதத்தையும் ஓங்கிப் பழகாதவன், பி.பி. மாத்திரை போட்டுக்கொள்ளவே ஃபோனில் மணியடிக்க வைத்திருப்பவன், வானகரம் பைபாஸ் பக்கத்துப் பழைய சாமான் கடையில் அதைப் பார்த்ததும் பத்து வயதுப் பையனாகி நின்றுவிட்டேன். "ஜமீன் ஊட்டு பீஸு சார். சுடாது, செவுத்துல மாட்டிக்கலாம். லைசென்ஸு கூட வாணாம்" என்றார் கடைக்காரர். ஃபோனில் பணம் அனுப்பும் வித்தை எனக்குக் கைவராது என்பதால் மனைவியின் ஃபோனிலிருந்து பணம் போயிற்று. பில்லும் அவள் பெயரிலேயே வந்தது.

வீட்டில் வைத்துத் துடைத்தபோது கட்டையின் அடித்தகடு கழன்று விழுந்தது. உள்ளே வெள்ளைப் பெயின்டில் 'ஃபைட் சீன் – ஸ்பேர்' என்று எழுதியிருந்தது. ஜமீன்தான், சினிமா ஜமீன். குழல் இரண்டும் தண்ணீர்க் குழாய்.

உங்களில் பலருக்கும் என் வயதுதான். ஒருவர் வால்வு ரேடியோ வாங்கியிருப்பீர்கள், இன்னொருவர் பித்தளைக் கூஜா. எதற்காக வாங்கினோம் என்று யாரும் கேட்காதவரை நமக்கு நல்லது. என் விஷயத்தில் கேட்டாலும் சொல்லிவிடலாம். எல்லாம் அப்பாவிடமிருந்து வந்தது.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் நூம்பலில் இருந்தோம். வேலப்பன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் சாலையைத் தாண்டி வயல், அதைத் தாண்டி ஏரி, ஏரிக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. வீடும் நிலமும் அம்மாவுடையவை. அவள் அப்பா கொடுத்தது. என் அப்பா தெற்கே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர். ஆவடியில் ராணுவத்துக்குச் சாமான் செய்யும் தொழிற்சாலைகளில் ஒன்றில் இருந்தார். ராணுவம் என்றதும் டாங்கி என்று நினைத்துவிடாதீர்கள். அப்பா இருந்தது சட்டை தைக்கிற இடத்தில், பொத்தான் ஸ்டோரில். ஊரே பீரங்கியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவர் பச்சைப் பொத்தானுக்கும் காக்கிப் பொத்தானுக்கும் காவல் இருந்தார்.

அதனால்தான் துப்பாக்கி என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. எல்லா அப்பாக்களும் ஞாயிற்றுக்கிழமை பனியன் துணியில் தையல் மெஷின் எண்ணெய் தொட்டுக் குழல் துடைப்பார்கள் என்றே நினைத்திருந்தேன்.

அப்பா வாங்கியதெல்லாம் இரட்டைக்குழல். அதுவும் வெள்ளைக்காரன் காலத்தது. பெரம்பூர்ப் பக்கம் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நாட்கள். பியானோவை ஒருவர் வாங்கிப் போவார், மீன்தொட்டியை ஒருவர். கடைசியில் மூலையில் நிற்கும் துப்பாக்கிக்கு எங்கள் அப்பா போய் நிற்பார். வாங்கிய எதையும் அவர் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. மடக்கித் திறப்பார், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இரண்டு குழலுக்குள்ளும் பார்ப்பார், 'டொக்' என்று மூடுவார். அந்தச் சத்தத்துக்காகவே வாங்கினார் என்று நினைக்கிறேன். நானும் ஒருநாள் பார்த்தேன். இரண்டு வட்டம், வட்டத்துக்குள் வட்டம், கடைசியில் இரண்டு குட்டி வானம். துப்பாக்கியோடு வந்த காலித் தோட்டாவின் சிவப்புக் காகிதக் கூட்டில் பென்சில் சொருகி ஸ்கூலுக்கு எடுத்துப்போவேன். முகர்ந்தால் தீபாவளிக்கு மறுநாள் வாசல் மாதிரி இருக்கும்.

ஒரு லைசென்ஸில் மூன்று துப்பாக்கிக்கு மேல் கூடாது என்பது அன்றைய சட்டம். தபால்தலை சேர்ப்பவனிடம் மூன்றோடு நிறுத்து என்றால் என்ன ஆவான்? அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். நிலம் அம்மா பெயரில் இருக்கிறது. நிலம் இருந்தால் பயிர் இருக்கிறது. பயிர் இருந்தால் அதற்குப் பாதுகாப்பு வேண்டும். அம்மா பெயரில் ஒரு லைசென்ஸுக்கு எழுதிப் போட்டார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"சுடத் தெரியுமாம்மா?"

"ம்ம்... தோசை, வடை, அப்பளம். எல்லாம் சுடுவேன் சார்."

அதிகாரிக்குப் புரையேறிவிட்டது. அப்பா அவசரமாக "அவ தமாசு பண்ணுதா சார்" என்றார். அம்மா தமாஷ் பண்ணவில்லை என்பது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். ஆனால் லைசென்ஸ் வந்துவிட்டது. வேலப்பன்சாவடி டீக்கடையில் அம்மாவுக்குத் 'துப்பாக்கிக்காரம்மா' என்று பெயரும் வந்தது. அம்மா சில நாள் அந்தப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போனாள்.

அம்மா பெயரில் அப்பா முதலில் வாங்கியது சாதாரணமான ஒன்று. இரண்டாவதாக வந்ததுதான் துரைசாணி. பெயர் அப்பா வைத்தது. மற்றவை கறுப்புக் குழல். இவளுக்குக் குழல் முழுக்க நெளிநெளியாகப் பாம்புச் சட்டை மாதிரி பழுப்புக் கோலம். அம்மாகூட விரலால் தடவிப் பார்த்து, "இந்த டிசைன்ல பொடவ வந்தா நல்லாருக்கும்" என்றாள். அப்பா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

ஆயுத பூஜை வந்தது. கூடத்தில் கோலம் போட்டு ஐந்து துப்பாக்கியையும் வரிசையாகப் படுக்கவைத்திருந்தார் அப்பா. பக்கத்தில் அரிவாள்மனை, என் ஜாமென்ட்ரி பாக்ஸ், மாமாவின் சைக்கிள். மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணமாகாதவர்; எங்களோடுதான் இருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். எங்கள் வீட்டில் உண்மையில் எதையாவது சுட்டவர் அவர் ஒருவர்தான்: அப்பா இல்லாதபோது, காக்காயை, குறி தவறி.

பூஜைக்காகத் துரைசாணியைத் திருப்பிப்போட்டபோது குழலின் அடியில் பொடிப்பொடியாக எழுத்து தெரிந்தது. அப்பா கண்ணாடியைத் தேடிக்கொண்டே, "இங்க வாலே, இதை வாசி" என்றார். நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

"நாட்... ஃபார்... பால்."

அம்மா பாத்திரத்தோடு நின்றிருந்தாள். "பார்த்தியா, நல்லவேள. நான் பாலு தெளிக்கலாம்னு வந்தேன். பாலு ஆவாதுன்னு எழுதிகீது."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "யக்கா, வெள்ளக்காரன் தமிழ்லயா எழுதுவான்?"

"பின்ன நீ சொல்லு."

மாமாவுக்குத் தெரியவில்லை. எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா ஆங்கிலத்தில் கெட்டி என்பது எங்கள் வீட்டில் நிரூபிக்காமலே ஏற்றுக்கொண்ட விஷயம். நெற்றியைச் சுருக்கிக் கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. பால் என்றால் வெள்ளைக்காரர்களின் நடன விருந்து என்று விளக்கினார். துரைமார்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆடுகிற இடத்துக்குத் துப்பாக்கியோடு போகக் கூடாது, அதனால் துப்பாக்கிக் கம்பெனி முதலாளி தன் சாமானில் பொறித்து வைத்திருக்கிறார் என்றார். "எவ்வளவு நாகரிகம் பாருங்க!"

எங்களுக்குத் திருப்தியாக இருந்தது. அம்மா மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று, பாலைத் திரும்ப எடுத்துப் போய்விட்டாள்.

அந்த மழைக்காலத்தில் தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் என்றால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முடிவெல்லாம் வந்தபிறகு வாங்கிக்கொள்ளலாம். அப்பா தன் பெயரில் இருந்த மூன்றையும் முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுத்தார், அரசாங்க வேலை. அம்மாவுடையதை அம்மாதான் கொண்டுபோக வேண்டும். சாதாரணத்தை ஒரு பெட்ஷீட்டில் சுற்றிக் கொடுத்தார். துரைசாணியைக் கொடுக்கவில்லை.

"அந்த ரூம்ல ஒழுகுது. நானே பார்த்தேன். ஒரு மாசம் கிடந்தா துரு ஏறிரும். ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொல்லிரு."

"பொய் சொல்லணுமா?"

"பொய் இல்ல. ரிப்பேருக்குக் குடுக்கத்தான் நினைச்சிட்டிருக்கேன்."

பூந்தமல்லி பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்ஷீட் மூட்டையை நெட்டுக்குத்தாக நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் வந்து தட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, கரும்பா? பொங்கலுக்கு இன்னும் நாள் கீதே. லக்கேஜு போடணும்."

"கரும்பு இல்லப்பா."

"பின்ன இன்னா, கட்டில் காலா?"

அம்மா நாலு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். கண்டக்டர் அதற்குப் பிறகு எங்களுக்கு டிக்கெட்டே கிழிக்கவில்லை. பூந்தமல்லி வரும்வரை எங்களைச் சுற்றி இருந்த சீட்டுகளில் யாரும் உட்காரவுமில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டே வந்தாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

ஸ்டேஷனில் அம்மா, இன்னொன்று ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொன்னாள். ரைட்டர் எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் அம்மா குழாயடியில் முகம் கழுவிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு காலை, ஏரிக்கரையில் வெறிநாய் என்று சத்தம். ஒரு பசுவைக் கடித்துவிட்டது, வாயில் நுரை தள்ளுகிறது என்றார்கள். ஆட்கள் கம்போடு ஓடினார்கள். மாமா வீட்டுக்குள் ஓடிவந்தார்.

"மச்சான், அந்தத் துரைசாணியக் குடு."

அப்பாவுக்கு இஷ்டமில்லை. ஆனால் வாசலில் நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள். 'துப்பாக்கி வெச்சிகீறீங்க, குட்க்க மாட்டீங்களா சார்' என்று ஒருவர் கேட்டார். அப்பா பீரோவைத் திறந்தார். பெரம்பூர்க் குடும்பம் துப்பாக்கியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப்போன பழைய தோட்டாப் பெட்டி அதில் இருந்தது. பொடி ரவை அடைத்தது ஒரு ரகம். ஒற்றைக் குண்டு வைத்தது ஒரு ரகம். மாமா குண்டுத் தோட்டாவை எடுத்தார்.

"ரவை போட்டா நாய்க்குச் சொறிஞ்சி வுட்ட மாதிரிதான் இருக்கும். குண்டுதான் கரெக்டு." பிறகு குழலைத் திருப்பிப் பார்த்தார். லேத் ஓட்டுகிறவர் அல்லவா, இரும்பில் எழுத்து வெட்டியிருந்தால் காரணமில்லாமல் வெட்டமாட்டார்கள் என்று அவருக்கு இருந்திருக்கிறது. "மச்சான், இதுல இன்னாமோ எழுதிகீதே. பாலுன்னு. குண்டு போடலாம்தான?"

"அதான் அன்னைக்கே சொன்னேனே மாப்ள. அது டான்ஸ் சம்பந்தப்பட்டது. தாராளமாப் போடு. மழையில மட்டும் நனைக்காத."

மாமாவுக்குக் கை நீளம். குழலை ரொம்ப முன்னால் எட்டிப் பிடிப்பார். நான் வரப்பு வரைக்கும்தான் போனேன்; அம்மா பின்னாலிருந்து சட்டையைப் பிடித்துவிட்டாள். சத்தம் கேட்டது. காக்காயைச் சுடும்போது கேட்கும் சத்தம் இல்லை அது. பெரிய தகர டிரம் கீழே விழுந்த மாதிரி இருந்தது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

இடது குழல் முனையிலிருந்து வாழைப்பழத் தோல் மாதிரி பிளந்து விரிந்திருந்தது. மாமாவின் இடது கையில் அம்மா தன் முந்தானையைக் கிழித்துச் சுற்றினாள். சாலையில் ஓடி நின்று கைகாட்டியதற்கு நிறுத்தியது ஒரே ஒரு வண்டிதான். பால் வேன். அதை அன்று வேறு யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், சொல்லக் கூடாது என்று அந்த வயதிலேயே தெரிந்திருந்தது.

மாமாவுக்கு இரண்டு விரல் போயிற்று. வெடிக்காயம் என்றால் ஆஸ்பத்திரிக்காரர்கள் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். மாலையே, மறுநாள் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒப்படைக்க வேண்டிய துப்பாக்கி, ஒப்படைக்கப்படவில்லை. ரிப்பேரில் இருப்பதாகச் சொன்னது பொய். லைசென்ஸ் இல்லாத ஒருவர் கையில் அது வெடித்திருக்கிறது. எல்லாம் அம்மா பெயரில். அப்பா கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு அடுப்பங்கரை வாசலில் போய் நின்றார். நான் உள்ளே அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தேன்.

"நான் குடுத்தேன்னு தெரிஞ்சா சஸ்பெண்ட் பண்ணிருவான். வேலை போயிரும். உன் பேர்ல இருக்கறது உன் பேர்லயே இருக்கட்டும். நீதான் தம்பிக்குக் குடுத்தேன்னு சொல்லிரு. பொம்பளைங்கன்னா ரொம்பப் பண்ணமாட்டான்."

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு மறுபடி களைந்தாள். தண்ணீர் போதும் என்கிற அளவுக்குத் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் மூன்று பேரும் போனோம். என்னை ஏன் கூட்டிப்போனார்கள் என்று தெரியவில்லை. பிள்ளைக்குட்டிக்காரி என்று காட்டவோ என்னவோ. அப்பா ஆபீஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பிளந்த துரைசாணி மேஜைமேல் கிடந்தாள்.

"துப்பாக்கி யாருதும்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பேர் என்னுது சார்."

"பேரு உன்னுதுன்னு எழுதியே கீது. துப்பாக்கி யாருது?"

"அதான் சார். பேர் என்னுது."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தார். "உன் தம்பிகிட்ட யாரு எடுத்துக் குட்த்தது?"

"நான்தான்."

"உன் ஊட்டுக்காரரு எங்க இருந்தாரு?"

"கோயிலுக்குப் போயிருந்தாரு."

அப்பா கோயிலுக்குப் போய் நான் பார்த்ததே இல்லை. இன்ஸ்பெக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா பையின் பொத்தானைப் போட்டார், எடுத்தார், போட்டார். பிறகு இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இங்க வா. நீ பாத்தியா? யாரு குட்த்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். "அவன் தூங்கிகினு இருந்தான் சார்."

"பட்டப்பகல்லயா?"

"ஜுரம்."

என் நெற்றியில் கை வைத்தாள். எனக்கு உண்மையாகவே சுட்டது.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. எல்லாம் புரிந்தவர் முகம் அது. ஆனால் புரிந்ததை வைத்துக்கொண்டு எழுத முடியாதே. சொன்னதைத்தான் எழுத முடியும். எழுதினார். அம்மா கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும் அப்பா, "ஏதாவது சாப்பிடுதியா?" என்று கேட்டார். அம்மா பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் மாமா தலையணையில் சாய்ந்திருந்தார். கை பெரிய பஞ்சு மூட்டையாக இருந்தது. அப்பா ஆரஞ்சுப் பழத்தோடு கட்டிலருகே போய் நின்றார். மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா மச்சான், டான்ஸு முட்ஞ்சிச்சா?"

அப்பா பழத்தை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அதன்பின் இருவரும் வருடக்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை; ஒரே வீட்டில், ஒரே குழம்பில். மாமாவை லேத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். எஸ்டேட்டிலேயே வேறொரு கம்பெனியில் வாட்ச்மேன் ஆனார். காவலுக்கு ஒரு கம்பு கொடுத்தார்கள். "நம்ம ராசி, கம்போட நிறுத்திட்டானுங்க" என்பார்.

குண்டு நாய்மேல் படவில்லை. நாய்க்கு வெறியே இல்லை. தொண்டையில் எலும்பு சிக்கியிருந்திருக்கிறது. அடுத்த கோடையில் ஏரிக்கரையில் குட்டி போட்டது. நான் ஒன்றை எடுத்து வந்தேன். வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கேஸ் இழுத்தது. அம்மா டிபன் டப்பாவோடு பூந்தமல்லிக் கோர்ட்டுக்குப் போய்ப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். பெயர் கூப்பிடும்போது எழுந்து நிற்க வேண்டும், வேறொன்றுமில்லை. கடைசியில் அபராதத்தோடு விட்டார்கள். லைசென்ஸ் ரத்தானது. மற்ற துப்பாக்கிகளை அப்பா ஒவ்வொன்றாக விற்றார். வேலை இருந்தது, பிரமோஷனும் வந்தது.

அம்மா சண்டை போடவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. அவள் தன் பெயரை எடுத்துக்கொண்டுவிட்டாள். சமையல் கேஸ் கனெக்‌ஷன் வந்தது. என் பேர் வாணாம் என்றாள். பாங்கில் ஜாயின்ட் கணக்கு என்றார்கள், வாணாம். திருவேற்காடு கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்போது குருக்கள் "யார் பேருக்கும்மா?" என்று கேட்பார். "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்பாள். பக்தி முற்றிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் பல காலம் அப்படித்தான் நினைத்தேன்.

கல்லூரியில் படிக்கும்போது லைப்ரரியில் பழைய துப்பாக்கிகளைப் பற்றிய தடிப்புத்தகம் ஒன்று கிடைத்தது. பாடப்புத்தகத்தைத் தவிர எல்லாவற்றையும் படிக்கிற வழக்கப்படி படித்தேன். முனையில் கொஞ்சம் குறுகலாகச் செய்த குழலில் ரவைதான் போடலாம், ஒற்றைக் குண்டு போடக் கூடாது. போட்டால் குழல் பிளக்கலாம். அதை எச்சரிக்கத்தான் அந்த மூன்று வார்த்தையைப் பொறிப்பார்களாம். பால் என்றால் குண்டு. டான்ஸ் இல்லை. பால் ஆகாது என்று எடுத்துக்கொண்டு போன அம்மாவின் வழி நடந்திருந்தால்கூட யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது.

அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன். ரிட்டயராகி ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் இறங்கவில்லை. பிறகு பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"டான்ஸுன்னும் ஒரு அர்த்தம் உண்டுதானலே?"

உண்டு என்றேன். வேறென்ன சொல்ல?

அப்பா போய்ப் பல வருடமாகிறது. அவருடைய கடைசிக் காலத்தில் மாமாதான் தலையணை சரிசெய்துகொண்டிருந்தார், மூன்று விரலோடு. அம்மா இருக்கிறாள். நூம்பல் வீட்டை விட்டு வரமாட்டேன் என்பவள், போன மாதம் கண் ஆபரேஷன் முடிந்ததும் வானகரத்தில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தாள். துப்பாக்கியைக் கழற்றிவைக்க வேண்டும் என்று மனைவியிடம் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னேனே தவிர ஸ்டூல் போட்டு ஏறவில்லை.

அம்மா ஹாலுக்குள் வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டே போனாள். குழலின் அடியில் விரலை விட்டுத் தடவினாள். அங்கே எழுத்து ஒன்றும் இல்லை.

"இது யார் பேர்ல கீது?"

நான் தண்ணீர் கொண்டுவரலாம் என்று திரும்பினேன். மனைவிக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. சிரித்துக்கொண்டே, "என் பேர்லதான் அத்த. பில்லு என் பேர்ல போட்டுக் கொண்டாந்தாரு. அதுவும் டூப்பு. சினிமாத் துப்பாக்கி" என்றாள்.

அம்மா என் மனைவியைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"உங்கப்பாவாவது நெஜத் துப்பாக்கி வாங்கினாருடா."